பின்பக்கத்துப் பொட்டு

"ரேடியோ கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு என் கடைப் படியேறுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டுப்போச்சு என்றால் என்ன அர்த்தம்? விளக்கு எரிகிறதா, இல்லையா? அடுத்தவன் பேசுவது கேட்கிறதா? நீ பேசுவது அவனுக்குப் போகிறதா? எதையும் பார்க்காமல், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவது மாதிரி ஒயரைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து மேசையில் போடுவார்கள். கிள்ளானில் படகுகளுக்கு, கப்பலோடும் கரையோடும் பேசுகிற வி.எச்.எப். ரேடியோ மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. வீடு பிரிக்பீல்ட்ஸில், கொமுட்டர் ரயிலில் வந்து போகிறேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று என் தங்கை சொல்வாள். "மிசினுக்குக் குடுக்குற மரியாதையில கொஞ்சம் மனுசனுக்கும் குடுண்ணே" என்பாள். அப்படி என்னைச் சொல்ல உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

அவள் ஒரு ரேடியோவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருசனுக்குக் கருமாதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் போர்ட் கிள்ளானில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், படகை ஓட்டிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர், அரிசி, காய்கறி, சில நேரம் ஆட்கள் என்று ஏற்றிப் போகும் படகு. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். உலகத்தில் எனக்குக் கோபப்பட முடியாத ஆள் அவர் ஒருவர்தான். எதைச் சொன்னாலும் சிரித்துவிடுவார். சிரிக்கிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

தீபாவளி கழிந்து சில வாரம். பட்டப்பகல். தீவுகளைத் தாண்டி ஒரு கப்பலுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, சுக்கானில் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையுமாக உட்கார்ந்துவிட்டார். படகில் கூட இருந்தது ஒரே ஒரு ஆள். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். ஊரில் மனைவி, மக்கள் எல்லாம் உண்டு. படகு ஓட்டத் தெரியும். ஆனால் அந்த வழியில் சேற்றுத் திட்டு எங்கெங்கே கிடக்கிறது என்பது மாப்பிள்ளைக்குத்தான் மனப்பாடம். தண்ணீர் வற்றிய நேரம் வேறு. போனில் சிக்னல் இல்லை. ரேடியோவை எடுத்துக் கூப்பிட்டிருக்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. குருடன் தடவுவதுபோல் தடவித் தடவி அவன் படகுத்துறை ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையிடம் மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தங்கையிடம், இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதிப் பேச்சை அவள் வீட்டுக்கு எடுத்து வந்து தினமும் முழுசாக்கிக்கொண்டிருந்தாள். முன்னாடி கொண்டு வந்திருந்தால். போலீஸ் படகு வந்திருந்தால். யாராவது ஒருத்தன் காதில் விழுந்திருந்தால்.

"நீ பாத்துச் சொல்லுண்ணே" என்றாள். துண்டைப் பிரித்து ரேடியோவை என் மேசைமேல் வைத்தாள். "அவன் அமுக்குனேன் அமுக்குனேங்கிறான். எனக்கு நம்பிக்கை இல்ல. பயத்துல எதையோ அமுக்கியிருக்கான். ரேடியோ நல்லா இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தவுக்கே அவன ஊருக்கு அனுப்பிடறேன்னு சொல்லிட்டாரு."

"அவன அனுப்பிட்டா?"

"என் புருசனக் கொன்னவன் இந்த ஊர்ல சோறு திங்கக் கூடாது."

நான் பார்த்து வளர்ந்த பெண், ஒரு பூனையைக்கூட விரட்டத் தெரியாதவள், இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் போன பிறகு ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், இரும்பின்மேல், சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பொட்டின் கதை எனக்குத் தெரியும். ஆயுத பூசைக்கு மற்ற படகுக்காரர்கள் ஜெட்டியிலேயே படகுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்துவிடுவார்கள். என் தங்கைக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும். அதனால் மாப்பிள்ளை ஒவ்வொரு வருடமும் ரேடியோ, காம்பஸ், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழற்றித் தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் வீட்டுக்கே கொண்டுபோவார். சாமிப் படத்தின் கீழே வரிசையாக வைத்து, அவள் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பாள். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் தவுக்கே புது ரேடியோ வாங்கியிருந்தார், நான்தான் மாட்டிக் கொடுத்தேன். முகம் முழுக்கக் கண்ணாடித் திரை. அதில் வைக்காதே, எழுத்து தெரியாது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே எனக்குப் போன் போட்டுச் சிரித்தார். "ஒன் தங்கச்சி கோவிச்சுக்கிட்டு ரேடியோவத் திருப்பிப் போட்டு முதுகுல வச்சுட்டா மச்சான். சாமி எந்தப் பக்கம் பாக்கும்னு வேற கேக்குறா."

எங்கள் வேலையில், மிசினைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கடைசியாகத் தொட்டவனை விசாரிக்க வேண்டும். அந்த ஆளைக் கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தான். ஒரு கிளாஸ் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. ஆடை கட்டுகிற வரைக்கும் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளக்கு எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சுச்சுண்ணே. பதினாறாம் சேனல்தான் காட்டுச்சு. ஆபத்துன்னா அதுலதான் கூப்பிடணும்னு அண்ணன் சொல்லிக் குடுத்திருக்காரு."

"பட்டன அமுக்குனப்ப?"

"பேசலாம்னு திரையில எழுத்து வந்துச்சு. விட்டா போயிரும், அமுக்குனா வரும். சத்தம்தான் இல்ல. இரைச்சலக் கொறைக்கிற திருகு இருக்குல்ல, அத முழுசாத் தொறந்தேன். ஸ்ஸ்ஸ்னு கேட்டுச்சு. மனுசக் கொரல் ஒண்ணுகூட இல்ல." கிளாசைத் தள்ளி வைத்தான். "மலாய்ல கூப்பிட்டேன். தெரிஞ்ச இங்கிலீஷ்ல கூப்பிட்டேன். கடைசில தமிழ்லயே கத்திட்டேண்ணே, யாராச்சும் வாங்க, மனுசன் சாவுறாருன்னு. அல்லா மேல சத்தியமா அமுக்கிட்டுத்தான் கத்தினேன். அண்ணன் தலை என் மடியிலதான் இருந்துச்சு."

அவன் சொல்வது உண்மை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. விளக்கு எரிந்தால் கரண்டு வருகிறது. இரைச்சல் கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. பட்டனுக்கு எழுத்து வந்தால் மைக் நன்றாக இருக்கிறது. எல்லாம் இருந்தும் போகவும் இல்லை, வரவும் இல்லை என்றால், ரேடியோவுக்கும் வானத்துக்கும் நடுவே வழி அடைபட்டிருக்கிறது. ஆன்டெனா, இல்லை அதற்குப் போகும் கேபிள், இல்லை அது சேரும் இடம்.

அவனையே கூட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். படகில் ஏறும்போது சுக்கான் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. மாப்பிள்ளையின் ரப்பர் செருப்பு அப்படியே கிடந்தது. ஆன்டெனாவைச் சோதித்தேன், குறை இல்லை. கேபிளில் எங்கும் அறுப்பு இல்லை. நுனியில் இருக்கும் பிளக்கைக் கையில் எடுத்தேன். ஒயரோடு சேர்த்து நான் ஈயம் பற்றவைத்தது. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, என் ஈயம் விடாது. வெள்ளிக்காசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நடு ஊசியின் முனையில் மட்டும் கொஞ்சம் பச்சை. கடல் உப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

கடைக்குத் திரும்பி ரேடியோவில் என்னுடைய கேபிளைச் செருகினேன். அப்போதும் ஊமை. அப்படியென்றால் குறை ரேடியோ பக்கம்தான். பின்னால் ஆன்டெனா சேரும் இடத்தை டார்ச் அடித்து, கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு வட்டம், அதன் நடுவே ஒரு சின்னக் குழி. பிளக்கின் ஊசி அந்தக் குழிக்குள்தான் போக வேண்டும். குழி நிறைய மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. அதில் சிவப்பு கலந்திருந்தது. அதன்மேல் பச்சை பூத்திருந்தது. ஊசியால் கொஞ்சம் சுரண்டி விரலில் வைத்துத் தேய்த்தேன்.

சந்தன வாசனை.

முதுகில் ஒரு பொட்டு வைத்தவள், அந்த வட்டத்தைப் பார்த்து, பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் இருக்கிறதே என்று நினைத்து அதிலும் ஒன்று வைத்திருக்கிறாள். மோதிர விரலால் நன்றாக அழுத்தி. மறுநாள் மாப்பிள்ளை அவசரத்தில் பிளக்கைச் செருகித் திருகியபோது ஊசி அந்த ஈரச் சந்தனத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கும், ரேடியோ பேசியிருக்கும். பிறகு சந்தனம் காய்ந்தது. குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு. கடல் காற்றும் சேர்ந்து பித்தளையை அரித்தது. ஊசிக்கும் குழிக்கும் இடையில் தொடர்பு மெல்ல மெல்ல அற்றுப்போனது. மாப்பிள்ளை தினமும் ஜெட்டியில் சோதித்துவிட்டுத்தான் கிளம்புவார், அதில் அவர் குறை வைத்ததே இல்லை. ஆனால் ஜெட்டியில் பக்கத்துப் படகுக்காரன் பேசுவது, அடுத்த வீட்டுச் சண்டை கதவைச் சாத்தினாலும் கேட்பதுபோல, எப்படியும் கேட்டுவிடும். தொலைவுக்குப் போனால்தான் ஊமை.

கடைக் கதவைச் சாத்தினேன். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து அந்தக் குழியைச் சுத்தம் செய்தேன். பஞ்சு மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. முதுகுப் பொட்டையும் துடைத்தேன். துடைக்கக் கூடாதென்பது தெரிந்துதான் துடைத்தேன். கேபிளைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் ரேடியோ உடனே பேச ஆரம்பித்துவிட்டது. எங்கோ வெளியே நிற்கும் ஒரு கப்பலிலிருந்து யாரோ ஒருவன், தண்ணீர்ப் படகு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டான். அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மாப்பிள்ளை செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இந்தச் சந்தனத்தை நான் எங்கே மறைப்பது? ரேடியோ நல்லா இருக்கு என்றால் அந்தப் பாவப்பட்டவன் ஊர் போய்ச் சேருவான், வாழ்நாள் முழுக்க ஒரு சாவைச் சுமந்துகொண்டு. உள்ளதைச் சொன்னால் என் தங்கை பிழைக்க மாட்டாள். நான் மிகைப்படுத்தவில்லை. அவள் அந்த மனிதனுக்குச் செய்ததெல்லாம் பூசையும் சமையலும்தான். அதில் ஒன்று அவரைக் கொன்றது என்று தெரிந்தால் அவள் எந்தச் சாமியிடம் போய் நிற்பாள்? ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், உப்புக்காற்று என்று சொல்லிவிடலாம், காற்று மேல் யார் வழக்குப் போடுவார்கள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் படத்துக்குப் பூ மாற்றிப் பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். மோதிர விரலில் சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது. நான் அந்த விரலைப் பார்க்காமல் பேசினேன்.

"உப்புக்காத்து லா. பின்னாடி ஆன்டெனா சொருகுற எடத்துல பச்சை பூத்து அடைச்சிருச்சு. அவன் அமுக்கத்தான் செஞ்சிருக்கான். யாரு மேலயும் குத்தமில்ல."

அவள் வாடிய பூவை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"உப்பு ஒரே நாள்ல ஏறுமா?"

"ஏறாது. கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப அத்தன நாளா யாரு பாக்காம விட்டது? தெனமும் அங்க தொடைக்கிறது அவன் வேல. அவரே சொல்லுவாரு, கடலு தண்ணி படாம தொடைடானு." அவள் குரல் ஏறியது. "தொடைக்காம விட்டுருக்கான். நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல அண்ணே, அவன்தான்னு!"

போனை எடுத்துத் தவுக்கேயின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். திரையில் அந்தச் சந்தன விரல் ஓடிக்கொண்டிருந்தது. குற்றம் யார் மேலும் இல்லை என்பது என்னைப் போன்ற மிசின்காரனுக்குப் போதும். புருசனைப் பறிகொடுத்தவளுக்கு அது போதாது. அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. யாரையாவது கொடுக்காமல் அவள் ஓயமாட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"என்ன நீதான்?"

"போன வை. உப்புன்னு சொன்னது பொய். ரேடியோ மாட்டுனப்ப அந்த பிளக்குக்கு ஈயம் வச்சது நான்தானே. சரியா வைக்கல. படகு ஆடி ஆடி விட்டுப்போச்சு. அவன் மேல ஒண்ணும் இல்ல. என் வேலதான்."

போன் அவள் கையிலேயே இருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவரு அந்த ரேடியோவ வேற யாரையும் தொட விடமாட்டாரே அண்ணே" என்றாள். "தவுக்கே வேற ஆளு வைக்கலாம்னப்பகூட ஒத்துக்கல. எம் மச்சான் கை பட்டாத்தான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்னாரு."

பிறகு எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். நான் செருப்பைப் போடும்வரை வாசலிலேயே நின்றாள். "இனிமே வராத" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு மாதத்துக்குள் ஜெட்டி முழுக்கப் பரவிவிட்டது. தவுக்கே தன் படகுகளை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார். அது அவர் நியாயம். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் மட்டும் வந்து, ஆனைக்கும் அடி சறுக்கும் லா அண்ணே என்று என் தோளைத் தட்டினார்கள். அந்த ஆறுதல்தான் எனக்குப் பெரிய எரிச்சல். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இந்த உலகத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஈயம் ஒன்றுதான். சறுக்கவில்லையடா, வந்து பார் என்று அந்த பிளக்கைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்போல் இருக்கும். வாயை மூடிக்கொண்டு அடுத்த ரேடியோவைத் திறப்பேன்.

அந்த ராமநாதபுரத்துக்காரன் ஒரு நாள் வந்தான். வேலை போகவில்லை, அதே படகுதான், இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். படியில் நின்றுகொண்டே தயங்கித் தயங்கி, "அண்ணே, அன்னைக்கு ஜெட்டில நானும் பாத்தேனே. நீங்க வச்ச ஈயம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான். எனக்கு வந்ததே கோபம். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று விரட்டிவிட்டேன். படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

வருசத் திவசத்துக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் அத்தைதான் போன் செய்து, கூடப்பிறந்தவன் வராமல் எப்படி, ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்றார். போனேன். ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, பந்தி போட்டார்கள். அவள் கையில் குழம்பு வாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு முந்தின இலைவரை வந்ததும் வாளியைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இளைத்திருந்தாள். தலையில் நரை வந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது, அதை நான் பார்த்தேன்.

சமையலறையில் அத்தை ஏதோ கேட்டிருக்க வேண்டும். தங்கையின் பதில் கூடத்துக்கு நன்றாகக் கேட்டது.

"நான் சாமிய ஒண்ணும் சொல்லமாட்டேன் அத்தை. அந்த வருசம் ஆயுத பூசைக்கு அந்த ரேடியோவுக்குக்கூட முதுகுல ஒண்ணுக்கு ரெண்டாப் பொட்டு வச்சுத்தான் கும்பிட்டு அனுப்பினேன். எம் பூசையில ஒரு கொறையும் இல்ல. சாமி கைவிடல. கூடப்பொறந்தவன்தான் கைவிட்டுட்டான்."

எதற்காக நான் பொய் சொன்னேனோ அது நடந்திருக்கிறது. அவள் சாமி அவளுக்கு மிச்சம். அது போதும் என்று எழுதத்தான் ஆசை. போதவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை. சோற்றை எப்படியோ விழுங்கிவிட்டுக் கை கழுவினேன். துக்கத்துக்குப் போன வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம். அதனால் நான் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனது அங்கே யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.